அவர் சொன்ன ‘சுத்தம்’

மார்ச் 4, செவ்வாய்
அவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய் மறுபிறவி எடுத்தவள் நான். இன்னொன்றை உடம்பு தாங்காது. மாத்திரை போட்டால் பிரஷர் ஏறுகிறது. காப்பர்-டி வலி பொறுக்காமல் எடுத்தாயிற்று. அதனால் அவரே முன்வந்தார்.

டாக்டரம்மா விளக்கினார். ஒரு வருடத்தில் ஆணுறையை நம்பியவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் ஏமாறுகிறார்கள், மாத்திரையில் ஏழு பேர். இதில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான். ஆனால் மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்து, உயிரணு இல்லை, சுத்தம் என்று வரும்வரை ஆணுறை கட்டாயம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். “சோதிக்காத லிஃப்டுல நான் யாரையும் ஏத்த மாட்டேன் டாக்டர்” என்றார். படுத்துக்கொண்டே பேச்சைப் பார்!

ஜூன் 9
சோதனைக்குப் போய்வந்தாராம். சுத்தமாம். காகிதத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்களாம். ஆணுறை டப்பா குப்பைக்குப் போயிற்று. உடம்பு பஞ்சாய் மிதக்கிறது. பயமில்லாமல் ஒரு விடியலைப் பார்த்து எத்தனை வருடம்!

ஜூலை 11
எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது.

ஜூலை 12
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கத் துடைக்க உள்ளே ஒரு குழந்தை தெரிந்தது. பெரியவளின் சாயல். தூக்கக் கலக்கத்தில் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. அவர் சுத்தம் என்றால் இது யாருடையது என்று கேட்பாரோ? கேட்க மாட்டார். கேட்டால்? ஆயிரத்தில் ஒருத்தி நான்தான் என்று எப்படி நிரூபிப்பேன்?

ஜூலை 13, ஞாயிறு
சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. என்னைப் பார்க்கவே இல்லை. போச்சு, சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன்.

“நான் டெஸ்டுக்கே போகலம்மா. அந்த சாம்பிள் பாட்டிலைக் கொண்டுபோக வெட்கமா இருந்துச்சு. போனேன்னு பொய் சொல்லிட்டேன்.”

வெட்கமாம்! ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கு என் உயிரைவிட வெட்கம் பெரிசாப் போச்சு. தப்பே பண்ணாம நான்ல நடுங்கிட்டு இருந்தேன்?

ஜூலை 15
வந்துவிட்டது. கர்ப்பம் இல்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதிதான். இல்லாத அந்தக் குழந்தைக்காகவும் கொஞ்சம்.

ஜூலை 17
சோதனைக்குப் போனார். இன்னும் உயிரணு இருக்கிறதாம். அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 21
பட்டப்பகலில் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு நடந்துவந்தார். சாயங்காலம் முடிவு வந்தது. உறையை என்னிடமே கொடுத்தார். பிரித்தேன். ஓர் உயிரணுகூட இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

திரும்பும்போது தூறல். தெருவிளக்குகள் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. உறையை நனையாமல் கைப்பைக்குள் வைத்தேன்.

“இந்தக் காகிதத்தை நம்புறேன். உங்களை நம்ப இன்னும் கொஞ்ச நாளாகும்” என்றேன்.

“ஆகட்டும்” என்றார். குடையை என் பக்கமே பிடித்தபடி, நனைந்துகொண்டே வந்தார்.