திருப்பிப் பார்க்காத அட்டை

என் பிரிட்ஜ் கதவில் இப்போது ஒரே படம் போட்ட இரண்டு அட்டைகள் இருக்கின்றன. பனிக்குள் நிற்கும் ஒரு ரஷ்யக் கோயில், பொன் நிறக் குவிமாடம். ஒன்று வசீலி எனக்குத் தந்தது. மற்றது உமக்குத் தந்தது. போன மாதம் உம் வீட்டைக் காலி செய்து ஒதுக்கும்போது அது சமையலறை லாச்சியில், கரண்டிகளுக்கு அடியில், கிடந்ததாம். "அங்கிள், உங்கட பிரிட்ஜிலயும் இதுதானே இருக்கு" என்று உம்முடைய மகள் கொண்டுவந்து தந்தாள். அட்டையில் இன்னும் உம் கோப்பி மணக்கிறது.

இதை நானே எழுதுகிறேன். நம்பமாட்டீர். எழுபத்து மூன்று வயதில், இந்த வெள்ளைக்கார ஊரில், செவன் கிங்ஸில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்தேன். 'ழ' வளைந்து வர மூன்று நாள் எடுத்தது. வந்த அன்று தாள் முழுக்க அதையே எழுதி, சமைக்காமல் இருந்தேன். ஆங்கில எழுத்தும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. கடைப் பலகை, மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறேன். ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அதற்கு முன் எனக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்தும் தெரியாது. பாண் பேக்கரியில் இருபது வருடம் பக்கத்தில் நின்ற உமக்கு அது தெரியாது. "கண்ணாடியை வீட்டில விட்டிட்டன், வாசியும்" என்று சொல்லியே சமாளித்தேன். மூன்று பேரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். நீர் மசிடோனியர், வசீலி ரஷ்யன், நான் யாழ்ப்பாணத்தான். உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் எனக்கு எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாகவே நினைவில் இருக்கிறது.

"ஐசே, இந்த ரஷ்யனுகளுக்கு எழுத்துக் குடுத்ததே நாங்கள்" என்பீர். சலோனிக்காவில் பிறந்த இரண்டு சகோதரர்கள் எழுத்தை உண்டாக்கியது, அவர்களின் சீடர்கள் உங்கள் ஓஹ்ரிட் ஏரிக்கரையில் படிப்பித்தது, அங்கிருந்து புத்தகங்கள் வடக்கே ரஷ்யாவுக்குப் போனது. எல்லாம் நேற்று நடந்தது போலச் சொல்வீர்.

"ஆயிரம் வருசமாச் சொல்லிக் காட்டுறாய்" என்பான் வசீலி. "வேணுமெண்டால் திருப்பித் தாறன், எடு."

"நீங்கள் தந்ததுகள் தெரியாதோ? துருக்கியனை அடிச்சு மீட்கிறம் எண்டு வந்தியள். பிறகு ஒரு ஒப்பந்தத் தாளில எங்கட மண்ணைப் பல்கேரியாவுக்கு எழுதினியள். அடுத்த தாளில அது திரும்பவும் துருக்கியனுக்குப் போச்சு. எங்கட பாட்டனை ஒருத்தன் கேட்டவனோ?"

உம் சித்தப்பாவின் கதையும் வரும். உங்கள் தலைவர் டிட்டோவும் ரஷ்யாவின் ஸ்டாலினும் பகைத்துக்கொண்டபோது, ரஷ்யாவை நல்லது என்று சொன்ன குற்றத்துக்காக ஒரு சிறைத் தீவில் கல்லுடைத்தவர். "அந்த மனிசன் உயிரோட இருக்குதோ எண்டு மொஸ்கோவில ஒரு நாய் கேட்டதோ?" என்று கத்துவீர். வசீலி மாவைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

ஆனால் ஒன்றை எனக்கு மட்டும் சொன்னீர். ஸ்கோப்யே நிலநடுக்கத்தில் நகரமே விழுந்தபோது உமக்கு ஒன்பது வயது. ரஷ்யச் சிப்பாய்கள் வந்து கற்குவியலைத் தோண்டினார்கள். ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி உம் தலையில் வைத்தான். "அவனுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றீர். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஓய்வு எடுத்த பிறகும் செவ்வாய்தோறும் கபேயில் கூடினோம். உக்ரைனில் சண்டை தொடங்கியது. ரஷ்யா தனக்கு வேண்டாத நாடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. வசீலி தேத்தண்ணியோடு வந்து சிரித்தான். "உன்ர நாட்டின்ர பேரும் வந்திட்டுது. இண்டையிலிருந்து நீ எனக்குச் சிநேகிதன் இல்லையாம்."

பகிடிதான். நீர் எழும்பிப் போய்விட்டீர். ஒரு வருடம் பேசவில்லை.

அடுத்த மாசியில் நோன்புக்கு முந்திய ஞாயிறு வந்தது. உங்கள் இரு சனத்துக்கும் அது மன்னிப்புக் கேட்கும் நாள். "எங்கட முறையில இளையவன்தான் மூத்தவன்ர வீட்டை வரவேணும். நான் அவனிலும் மூண்டு மாதம் மூப்பு, வரட்டும்" என்றீர். மன்னிப்புக் கேட்டவனுக்குச் சொல்லும் பதிலும் வேறு என்று விளங்கப்படுத்தினீர். ரஷ்யன் 'கடவுள் மன்னிப்பார்' என்று கடவுளின் தலையில் போட்டுவிடுவான். நீங்களோ, 'என்னிடமிருந்தும் கடவுளிடமிருந்தும் மன்னிப்பு' என்பீர்கள்.

அதற்கு முதல்நாள், சனிக்கிழமை, வசீலி என்னிடம் இந்த இரண்டு அட்டைகளையும் தந்தான். "அவனை இண்டைக்கே வாசிக்கச் சொல்லு" என்றான். நான் உம்முடைய மூன்று மாடியையும் ஏறி வந்து நீட்டினேன்.

"உமக்கும் தந்தவனோ?"

"ஓம், இதே படம்."

"பின்னால என்ன எழுதியிருக்கு?"

வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். "எல்லாருக்கும் எழுதுறதுதான். உம்மடையிலயும் அதுதான்" என்றேன்.

"கோயில் நோட்டீஸ் மாதிரிக் குடுக்கிறான்" என்று, திருப்பாமலே லாச்சிக்குள் எறிந்தீர்.

மறுநாள் நாலு மணிக்கு நான் உம் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "இஞ்சை வாரும், ஆளைப் பாரும்" என்று ஜன்னலுக்குக் கூப்பிட்டீர். கீழே பஸ் நிற்கும் இடத்தில், குளிருக்குள், வசீலி தடியோடு நின்றான்.

"பஸ்ஸுக்கு நிக்கிறான்" என்றேன்.

"ரெண்டு பஸ் போயிட்டுதே. அவனுக்கு ஏறவும் தெரியேல்லை." இருவரும் சிரித்தோம். குளிர் என்று நீர் திரையை இழுத்துவிட்டீர்.

அந்தச் சித்திரையில் நீர் கண்மூடிவிட்டீர்.

மகள் அட்டையைத் தந்த அன்று இரண்டையும் முதல்தடவை திருப்பி வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: 'நண்பா, மன்னித்துக்கொள்.' நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். உம்முடையதில் ஓரம்வரை பொடி எழுத்து, ரஷ்ய எழுத்து. நீர் கொடுத்த எழுத்து.

வசீலியிடம் கொண்டுபோனேன். அவன் வாசித்துக் காட்டினான்.

'நீ மூத்தவன். உங்கள் முறைப்படி நான்தான் வரவேண்டும். என் முழங்கால் உன் மாடி ஏறாது. ஞாயிறு நாலு மணிக்குக் கீழே பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன். ஜன்னலைத் திறந்தால் போதும். கீழே நின்றே கேட்கிறேன்.'

"இதை வாசிச்சும் திறக்கேல்லையே" என்றான். இரண்டு வருடமாக அதைத்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

"வாசிக்கேல்லை" என்றேன். எனக்கு எழுத்துத் தெரியாததையும், உமக்குச் சொன்ன பொய்யையும், தொப்பிக் கதையையும் சொன்னேன். தொப்பி என்றதும் முகத்தை மூடிக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். முகத்திலிருந்து கையை எடுத்து, "கடவுள் மன்னிப்பார்" என்றான். அவ்வளவுதான். அவன் முறை அது.

'என்னிடமிருந்தும்' என்று சொல்லக்கூடியவர் நீர் ஒருவர்தான்.

போன ஞாயிறு நாலு மணிக்கு உம் வீட்டுக்குக் கீழே, அதே இடத்தில் நின்றேன். மேலே உம் ஜன்னலில் யாருடையதோ புதுத் திரை. இரண்டு பஸ் போயின. மூன்றாவதின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்தேன். ஏறவில்லை.