மெஹெர்வானின் தொப்பி

நவ்சாரி
8 நவம்பர் 1983

தெஹ்மினாவுக்கு,

சாகேப்ஜி. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் போகவில்லை.

அண்ணன் பெஸ்தன்ஜியின் மகன் ஹோமிக்கு டிசம்பர் பதினெட்டாம் தேதி இங்கே கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியாக நான் நிற்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். என் ஃபேட்டா தொப்பி அங்கே அலமாரி மேலே வட்டப் பெட்டியில் இருக்கும். என்னிடம் இருப்பது பிரார்த்தனைக் குல்லா ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு சாட்சி நிற்க முடியாது. தொப்பியை நன்றாகக் கட்டிப் பார்சலில் அனுப்பி வை.

மெஹெர்வான்


தாதர், பம்பாய்
14 நவம்பர் 1983

மெஹெர்வான் அவர்களுக்கு,

ஆறு வருடத்தில் இது உங்களுடைய மூன்றாவது கடிதம். முதல் கடிதத்தில் மூக்குக் கண்ணாடி கேட்டீர்கள். இரண்டாவதில் ரேஷன் கார்டு. இப்போது தொப்பி. உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. இருக்கிறேன்.

உங்கள் தொப்பியும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அதை இறக்குகிறேன். விளிம்பில் இரண்டு கை கொடுத்துத்தான் தூக்குகிறேன், உச்சியைத் தொடுவதில்லை. மென்மையான பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்த்து, நிழலில் காற்றாட வைத்து, உள்ளே மெல்லிய காகிதத்தைக் கசக்கி அடைக்கிறேன். ரசகற்பூரத்தைத் துணியில் முடிந்து ஓரமாக வைக்கிறேன். தலை வீட்டை விட்டுப் போன பிறகும் தொப்பிக்கு இத்தனை உபசாரம். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தக் காலனியில் கிடையாது.

நம் மகள் ஆர்னவாஸ் வேற்று மதத்து லூசியோவைக் கட்டிக்கொண்ட அன்று காலையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தக் கல்யாணத்துக்கு என் தலையில ஃபேட்டா ஏறாது." சொல்லிவிட்டு நவ்சாரி ரயிலைப் பிடித்தீர்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் நான் தனியாக நின்றேன். அந்த அதிகாரி, "பொண்ணோட அப்பா எங்கம்மா?" என்று கேட்டார். "தொப்பி தேடிக்கிட்டிருக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்னவாஸ் சிரிக்கவில்லை.

பெற்ற மகளுக்கு ஏறாத தொப்பி அண்ணன் மகனுக்கு ஏறுமோ? நம் பார்சி வழக்கப்படி சாட்சி நிற்பவன் கல்யாணமானவனாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பெண்டாட்டி ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்ததா?

பார்சல் கிடையாது. தபால்காரன் கையில் அது அப்பளமாகிவிடும்.

உங்கள் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும்
தெஹ்மினா


நவ்சாரி
21 நவம்பர் 1983

தெஹ்மினாவுக்கு,

அது என் தொப்பி. என் அப்பா வாங்கிக் கொடுத்தது. என் பொருளைக் கேட்டால் பழைய கதையை எல்லாம் எடுத்து என் முன்னால் கொட்டுகிறாய். அன்று நான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். யாரையும் தடுத்தேனா? கையெழுத்துப் போட வேண்டாம் என்றேனா? கொள்கை என்று ஒருவனுக்கு ஒன்று இருக்கக் கூடாதா?

உன் கடிதம் வந்தபோது அண்ணன் பக்கத்தில் இருந்தார். "என்னடா, உன் பொண்டாட்டி தொப்பிய அடகு வச்சுட்டாளா?" என்று பந்தல்காரன் எதிரிலேயே கேட்டார். இந்த அவமானம் எனக்குத் தேவையா?

பார்சலில் முடியாதென்றால் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பு. அந்தப் பெண்ணின் பேச்சை எடுக்காதே.

மெஹெர்வான்


தாதர், பம்பாய்
27 நவம்பர் 1983

மெஹெர்வான் அவர்களுக்கு,

அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. உங்கள் அம்மாவின் பெயர். நீங்கள் வைத்ததுதான்.

உங்கள் அண்ணன் எனக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறார். 'குடும்பத்தோடு வரவும்' என்று அடித்திருக்கிறது. அப்படியே வருகிறேன். ஆர்னவாஸ், லூசியோ, அவர்கள் மகள் ஸோயி, நான். தொப்பிப் பெட்டி ரயிலில் என் மடியில் வரும்.

பந்தலில் நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நீங்கள் வர வேண்டும். நம் மாப்பிள்ளை லூசியோவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதன் பிறகு குனியுங்கள், நானே வைத்துவிடுகிறேன். இதில் ஒன்று குறைந்தாலும் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

தெஹ்மினா


நவ்சாரி
3 டிசம்பர் 1983

தெஹ்மினாவுக்கு,

ஊர் பார்க்க நான் உன் முன்னால் குனிவதா? நடக்காது. தாராளமாக வா, யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா, சாப்பிட்டுவிட்டுப் போ. நவ்சாரியில் தொப்பிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு ஏதல்ஜி தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிவிட்டான்.

மெஹெர்வான்


தாதர், பம்பாய்
22 டிசம்பர் 1983

மெஹெர்வான் அவர்களுக்கு,

ஏதல்ஜியின் தலை பூசணிக்காய் என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா? மாப்பிள்ளை பக்கத்தில் நீங்கள் நின்றதை நான் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். தொப்பி காது வரைக்கும் இறங்கிவிட்டது. தஸ்தூர்ஜி ஆசீர்வாதம் சொல்லி அரிசி வீச வீச, பாதி அரிசி உங்கள் தொப்பி விளிம்பிலேயே தங்கியது. இடது கையால் அதைத் தூக்கித் தூக்கிப் பிடித்தீர்கள். என் பின்னால் ஒருத்தி, "சாட்சிக்கு மாப்பிள்ள தெரியறாரோ இல்லையோ" என்றாள். நானும் சிரித்தேன். மறைக்க மாட்டேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. உங்கள் தொப்பி என் மடியில் இருந்தது. நீங்கள் வருவீர்கள், வந்தே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆர்னவாஸ் எழுந்தாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருடி. அவரு வரட்டும்."

"மம்மா, அவருக்குக் கண்ணே தெரியல."

"ஆறு வருஷமா தெரியலடி. இன்னிக்கு என்ன புதுசா?"

"விடு மம்மா."

பெட்டியைத் திறந்து, நான் எடுப்பது போலவே விளிம்பில் இரண்டு கை கொடுத்து எடுத்தாள். அத்தனை பேர் நடுவிலும் நடந்து போய், உங்கள் பின்னால் நின்று, பூசணிக்காயைக் கழற்றிவிட்டு உங்களுடையதை வைத்தாள். தஸ்தூர்ஜி மந்திரத்தை நிறுத்தவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கு எட்டட்டும் என்று முழங்காலை மடக்கினீர்கள். அதை நான் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு லூசியோவின் எதிரில் வந்து நின்றீர்கள். "ரயில்ல கூட்டமா?" என்று கேட்டீர்கள். "இல்ல அங்கிள், உக்காந்துதான் வந்தோம்" என்றான். அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கும் சேர்த்து உங்களுக்குப் பேசக் கிடைத்தது ரயில் கூட்டம்தானா? பேத்தி உங்கள் காலடியில் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் அதுகூடக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ரயில் முழுக்க ஆர்னவாஸ் பாடிக்கொண்டே வந்தாள். அவள் உங்களை மன்னித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்துவிட்டாள். அது அவள் குணம், என்னிடமிருந்து வந்ததில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தீரும் என்று நம்பி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

தொப்பி இப்போது உங்களிடம். ஆணியில் மாட்டாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், வியர்வை காயாமல் மூடாதீர்கள்.

வரும் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் இங்கே தான்சாக் சாப்பிட வருகிறார்கள். நான் நாலு தட்டுதான் வைப்பேன். ஐந்தாவது தட்டை நான் எடுத்து வைக்க மாட்டேன். தட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

தெஹ்மினா