கடைமடையில் காய்த்த அவரை

என்னை அதட்டுவதற்கென்றே எனக்கு மூத்தவளாய்ப் பிறந்த அன்பு அக்காவுக்கு,

இன்று மார்கழி இருபத்து நான்கு. காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு உன் அவரையில் முதல் பிஞ்சைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பிஞ்சுதான். விளிம்பில் அந்த ஊதாக் கோடுகூட அப்படியே இருக்கிறது. எங்கே பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். செய்தியை வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் பேசாதே.

பங்குனி பதினொன்றில் நீ போனாய். காரியம் முடிந்ததும் உன் பிள்ளைகள் கொல்லையையும் சேர்த்து உழுது கரும்பு நட்டார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. சாம்பலில் புரட்டி நீ மாத்திரைப் புட்டியில் மூடி வைத்திருந்த அவரை விதைகள் ஏழு கிடைத்தன. மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்குப் பேருந்தில் வந்த ஓர் அம்மாளிடம் நீ கேட்டு வாங்கிய இனம். வேறு எவரிடமும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏழும் போனால் உன் அவரை போயிற்று. புட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தேன்.

எங்களுக்கு இரண்டாம் மாடி. பால்கனி எட்டடிக்கு நாலடி, மேற்குப் பார்த்தது. வானம் தெளிந்தால் கல்வராயன் மலை தெரியும். ஆடிப் பதினெட்டு அன்று பெயிண்ட் வாளியில் செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பி மூன்று விதைகளை ஊன்றினேன். கீழ்வீட்டாருக்குச் சொட்டக் கூடாதே என்று அடியில் துளை போடவில்லை. முப்பத்தோர் ஆண்டு பாசன அலுவலகத்தில் கோப்பு எழுதியவன், வடிகாலை மறந்தேன். ஆடி இருபத்தேழில் தோண்டிப் பார்த்தால் மூன்றும் அழுகிக் கொழகொழவென்று இருந்தன.

ஆடி முப்பதில் வாளிக்கு ஆறு துளை போட்டு, மீதி நான்கையும் ஊன்றினேன். மூன்று முளைத்தன.

இங்கேதான் என் பழைய புத்தி குறுக்கே வந்தது. மடைக்கு மடை முறைவைத்து விடும் தண்ணீருக்குத் தேதி குறித்துக் கொடுத்தவன் அல்லவா? கால்வாய்க்கு எழுதியது போலவே எட்டு நாளுக்கு ஒரு முறை என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அந்த நாளில் வாளி வழிய வழிய ஊற்றினேன். நடுவில் செடி வாடினாலும், முறை வரவில்லையே என்று காத்திருந்தேன். இரண்டு செடிகள் கழுத்துத் துவண்டு சாய்ந்தன. மிஞ்சியது ஒன்று.

கால்வாய் முடியும் கடைமடையில் இருந்த உன் ஓர் ஏக்கர் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா? நான் எழுதிய தேதியில், கால்வாய் தொடங்கும் இடத்துத் தலைமடைக்காரர்கள் பாய்ச்சி முடிக்கும்போது உனக்கு மிஞ்சியது வாய்க்கால் சேறு. ஒரு நாள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாய். "உன் தேதிய வுட்டா பயிருக்குப் பாஞ்சிடுமாடா? தண்ணி எங்கடா?" என்றாய். உடன் வேலை செய்பவர்கள் முன்னால் கேட்டுவிட்டாயே என்று மூன்று மாதம் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தேன், சாப்பிட்டேன், சிரித்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஆவணி இருபதாம் தேதி வேறொருவர் வந்து கேட்டார். கீழ்வீட்டு ஷகிலா பானு, துணிக்கடைக்காரரின் மனைவி. அவர் உலர்த்தியிருந்த போர்வைகள் இரண்டாம் முறையாக நனைந்திருந்தன.

"இன்னாங்க ஐயா, எட்டு நாளைக்கு ஒருக்கா எங்க வூட்டுல மட்டும் மழ பேயுது. செடிக்கு ஊத்துறீங்களா, ஏரிக்கு ஊத்துறீங்களா?"

நான் காலண்டரைக் காட்டி முறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த ஒற்றைச் செடியின் பக்கத்தில் குந்தி, மண்ணுக்குள் விரலை விட்டார்.

"செடி காலண்டர் பாக்காதுங்க. தெனம் வெரல வுட்டுப் பாருங்க. காஞ்சிக்கினு இருந்தா ஒரு சொம்பு ஊத்துங்க. ஜாஸ்தி வாணாம்."

மறுநாளிலிருந்து தினமும் விரல்தான். கொடி கம்பியில் ஏறியது. அதற்குமேல் பிடிக்க ஏதும் கிடைக்காமல், வெளியே சாய்ந்து கீழே இறங்கத் தொடங்கியது. இரண்டு முறை கயிறு கட்டி மேலே இழுத்தேன். உன்னைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஷகிலா தம் பால்கனியில் கயிறு கட்டி அதைத் தாங்கிக்கொண்டார். மார்கழி ஆறாம் தேதி கீழேயிருந்து குரல் வந்தது: "ஐயா, பூ வுட்டுச்சுங்க, எங்க வூட்டுல." எழுபத்து மூன்று வயதில், கைப்பிடியைத் தொடாமல், செருப்பில்லாமல் படி இறங்கினேன் அக்கா!

இன்று காலை கம்பிக்கு வெளியே தலையை நீட்டியபோது முதல் பிஞ்சு தெரிந்ததும் அங்கேதான். உடனே கீழே போய் எண்ணினேன். பதினொன்று. என் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. தலைமடையில் நான், காய் முழுவதும் கடைமடையில்.

அலுவலக வாசலில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. தண்ணீருக்கான தேதிகளைத் தலைமடையிலிருந்து எண்ணினேன். கடைமடையிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். எண்ணியது நான்தான், வேறு எவரும் இல்லை.

முதல் பறிப்பு ஷகிலா வீட்டுக் குழம்புக்கு. கொழுத்த இரண்டு காய்களைத் தொடாமல் முற்றவிட்டு விதை எடுப்பேன். வரும் ஆடியில் முதல் விதையை அவர் வாளியில் ஊன்றிய பிறகே என் வாளிக்கு வருவேன். எந்தத் தேதியில் என்கிறாயா? மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைமடையில் குடியிருக்கும் உன் தம்பி