அலமாரி மேல் இருந்த வயலின்

என் தங்கச்சிக்கு,

போன வாரம் மகளோடு வந்தபோது உன் வயலின் வகுப்பைப் பார்த்தேன். விரல் வைக்கிற இடத்திலெல்லாம் கலர் ஸ்டிக்கர். அது வயலினா, பொம்மைக் கடையா? அபசுரமாக இழுத்த பிள்ளைக்கு, "சூப்பர்டா கண்ணு!" என்று கைதட்டல் வேறு.

இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவள் சொல்கிறேன், கேள். முதல் தப்பிலேயே நிறுத்து. சரியாக வரும்வரை சிரிக்காதே. அம்மாக்களை அறைக்குள் விடாதே.

என் மகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் வயலின் ஒரு வருடமாக அலமாரி மேலேயே கிடந்தது.

நேற்று அவளே இறக்கித் தூசி தட்டினாள். "அம்மா, நான் சித்திகிட்ட கத்துக்கட்டுமா?" என்றாள்.

சனிக்கிழமை அழைத்து வருகிறேன். அந்தக் கண்றாவி ஸ்டிக்கரை அவளுக்கும் ஒட்டித் தொலை. நான் வாசலோடு போய்விடுவேன். அம்மாக்களை உள்ளே விடக் கூடாது.

உன் அக்கா