புகை எண்ணெயும் என் பொய்யும்

என் சுண்டுவுக்கு,

சுண்டெலி அளவுக்குப் பிறந்தாய் என்று நான் வைத்த பெயர். ஊருக்கெல்லாம் நீ செல்வம். மீசை வந்து, முப்பத்தாறு வயதாகி, விருந்தாளிகள் கைதட்டும் ஆளான பிறகும் எனக்கு நீ சுண்டுதான்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. காப்பி பூத்திருந்தபோது போனாய். இப்போது செடிகளில் பச்சைக் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வெள்ளக்கடையில் நம் வீட்டு ஓட்டை மாற்றிவிட்டேன், இந்த மழைக்கு ஒழுகவில்லை. உன் வண்டியை அப்படியே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தை ரயில் அறையின் கதவுப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டப்போகிறார்கள். நாம் வேலை பார்த்த, விருந்தாளிகள் வந்து தங்கும் பங்களாவின் ஐயா சொன்னதுதான். "செல்வத்தப் பத்தி நாலு வரி எழுது பாக்கியம், வர்றவிங்க படிக்கட்டும்" என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். அது நாலு வரியில் நிற்கிற சங்கதியாக இல்லை. ஐயாவும் இதைப் படிப்பார், படிக்கட்டும். அவருக்குத் தெரியாதது இதில் இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் மேஜை மேல் ஓடும் பொம்மை ரயில், ஐயாவின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. சாக்கும் சுண்ணமும் வைத்து மலை கட்டியதும், மரப்பட்டையில் வளரும் பாசியைப் பிய்த்து ஒட்டிக் காடு செய்ததும், விருந்தாளிகளுக்கு அதை ஓட்டிக் காட்டியதும் என் தம்பி. என்ஜின் புகைபோக்கிக்குள் சின்னதாக ஒரு திரி இருக்கும். அதைச் சூடாக்க முடி மாதிரி ஒரு கம்பி. மேலே புகை எண்ணெய் நாலு சொட்டு விட்டால், சூடு ஏறி, வெள்ளையாகப் புகை சுருண்டு வரும். பார்சலில் வரும் எண்ணெய்க்கு வாசம் கிடையாது. அதில் மல்லிகை எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் துளித்துளியாகக் கலந்து, காப்பிப் பூ வாசத்தைக் கொண்டுவந்தவன் நீ. காப்பி பூப்பது வருசத்தில் சில நாள்தான். இந்த அறையில் மட்டும் எல்லா நாளும் பூத்தது.

இனி, ஐயாவுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உனக்கு வாசமே தெரியாது.

கொரோனாக் காய்ச்சலில் எல்லோருக்கும் போன மாதிரிதான் உனக்கும் போனது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது. உனக்கு வரவில்லை. பொரியலில் தாளித்த கடுகு கருகினாலும், பாத்ரூமில் பினாயில் கொட்டினாலும் உனக்கு ஒன்றுதான். ஐயாவுக்குத் தெரிந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார் என்று பயந்தாய். நான்தான் சொன்னேன், என் மூக்கு இருக்கிறதே என்று. எண்ணெய் கலக்கும்போது நான் மோந்து பார்த்தேன். ரயில் ஓடும்போது தூசி தட்டுகிற சாக்கில் கதவோரம் நின்றேன். துணி என் தோளில் இருந்தால் வாசம் போதும். கையில் இருந்தால் இன்னும் இரண்டு சொட்டு. யாரும் கண்டுபிடிக்கவில்லை. "இந்தம்மா ஒரே ஜன்னலையே தொடைச்சுட்டு இருக்குது" என்று ஒரு விருந்தாளி சிரித்தார், நினைவிருக்கிறதா?

புகையின் அளவை நீ கண்ணால் பார்த்துக்கொண்டாய், சூட்டைக் காதால் கேட்டுக்கொண்டாய். வாசத்துக்கு மட்டும் நான். யாரும் இல்லாதபோது வாய்விட்டே கேட்பாய்.

"வருதாக்கா?"

"வருது."

"நொம்பவா?"

"சோத்துல உப்பு மாதிரி இருக்குது. போதும்."

இப்படித்தான் நாலு வருசம் ஓடியது.

பெண் பார்த்த விசயத்தையும் எழுதிவிடுகிறேன். செம்மநத்தத்தில் நல்ல குடும்பம், தோட்ட வேலைக்குப் போகிற பெண். நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

"மூக்கு செத்தவனுக்கு எதுக்குக்கா கல்யாணம்? அவ ஆக்குன சோறு தீஞ்சுபோனாக்கூடத் தெரியாது."

"அது நல்லதுதான்டா. ஊட்டுல சண்டையே வராது."

"வேண்டாங்க்கா. நீ இருக்கிறயே, அது போதும்."

"நான் எத்தன நாளைக்குடா இருப்பேன்?"

நீ போய் என்ஜினைத் துடைத்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மா முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்ற கோபம். எனக்காகத்தான் இவன் ஒற்றையாக நிற்கிறான் என்ற வேதனை இன்னொரு பக்கம். அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது எனக்கு.

அன்றைக்கே பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ரயில் கிளம்பியது, புகை வந்தது, காப்பிப் பூ வாசம் அறை முழுக்க ஏறியது. நான் துணியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நீ என்ஜினை நிறுத்தி இரண்டு சொட்டு விட்டாய். திரும்பி என்னைப் பார்த்தாய். துணி கையில்தான் இருந்தது. மறுபடி இரண்டு சொட்டு. மறுபடி பார்த்தாய். வாசம் தலை வலிக்கிற அளவுக்கு வந்துவிட்டது, ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். நீ மூன்றாவது முறையும் பார்த்தாய். நான் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். நீ சொட்டு விட்டாய்.

திரி மூழ்கிப்போனது. புகைபோக்கி களகளவென்று கொப்பளித்தது, புகை நின்றது, எண்ணெய் துப்பித் தண்டவாளமெல்லாம் வழிந்தது. மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தன வருசம் ஓட்டுறே, அளவு தெரியாதாப்பா? கண்ணு எங்க வெச்சிருந்தே?"

"தப்பாப் போச்சுங்கய்யா."

அவ்வளவுதான் சொன்னாய். மத்தியானம் முழுக்கப் பஞ்சு வைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தாய். என்ஜினைத் தலைகீழாகத் துணி மேல் கவிழ்த்து, உள்ளே இருந்த எண்ணெயை வடியவிட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை தரம் வாயெடுத்தேன் தெரியுமா? நாளைக்குச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்று விட்டேன். யார் கோபம் ஆறட்டும் என்று விட்டேன், எனக்கே புரியவில்லை.

இரண்டாவது வாரம், பம்பு செட் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஜீப்பில் போட்டு சேலத்துக்கு இறக்கினோம். பாதி மலைகூட இறங்கவில்லை, ஒரு கொண்டை ஊசி வளைவில் என் மடியில் தலை கனத்துவிட்டது.

அதற்குப் பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய அறைக்குள்ளிருந்து வாசம் வந்தது, சுண்டு. தினமும் இல்லை. மூடுபனி இறங்கி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போகிற நாளில், பதினொரு மணி வாக்கில், கதவு இடுக்கு வழியாகக் காப்பிப் பூ வாசம் வரும். சாவி வாங்கித் திறந்து பார்ப்பேன். என்ஜின் சில்லென்று இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம், நீ நிற்கிற இடத்தில் மட்டும் வாசம் கூடுதலாக இருக்கும். நான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பாசியில் ஊறிய எண்ணெயாகத்தான் இருக்கும் என்று புத்திக்குத் தெரிகிறது. கால்தான் நகர மறுக்கிறது. ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார்.

சீசன் நெருங்கியபோது ஐயா சொன்னார். "ஓட்ட ஆளில்ல. பெட்டியில கட்டி மகன்கிட்டயே அனுப்பிரலாம்னு பாக்குறேன்."

"நான் ஓட்டுறேனுங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"உனக்கு அதெல்லாம் வருமா பாக்கியம்?"

"வரலீன்னா கட்டிருங்க."

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? திரி என்றால் விளக்குத் திரிதானே என்று நினைத்துப் புகைபோக்கி நிறைய ஊற்றினேன். விளக்குக்கு எண்ணெய் கூடினால் நின்று எரியும். இது மூழ்கிச் செத்தது. அன்றைக்குக் கேட்ட அதே களகள சத்தம். அதைக் கேட்டதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே ஓடி, மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். என் மேல் சிந்திய எண்ணெய் வாசம் குளித்த பிறகும் போகவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கவிழ்த்து வடியவிட வேண்டும். நாலு சொட்டு விட்டு, குமிழி அடைக்காமல் மேலே லேசாக ஊத வேண்டும். என்ஜினை நிற்க வைத்தே சூடேற்றி, சீறுகிற சத்தம் வந்த பிறகு மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக ஓட்டினால் புகை சிதறிப்போகிறது. புகை மெலிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், காய்ந்த திரி கருகினால் கருகல் நாற்றம்தான் மிஞ்சும். காற்று வருகிற பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் திறந்து வைத்தால் யாருக்கும் இருமல் வராது. நீ நாலு வருசம் என் கண் முன்னால் செய்ததுதான் எல்லாம். நான் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மே மாதம் முழுக்க ஓட்டினேன். கைதட்டினார்கள். ஐயா பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் நீ கலந்து வைத்த குப்பி தீர்ந்தது. ஏரிப் பக்கம் தைலம் விற்கிற கடைக்கு நீதான் போவாய், எனக்கு வழக்கமில்லை. போய், செல்வத்தின் அக்கா என்று சொல்லி, மல்லிகை எண்ணெய் கேட்டேன். அந்தக் கடைக்காரப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்கக்கா, அவரு போயிட்டாருன்னு கேள்விப்பட்டு மனசே ஆறலீங்க. கடைசியா வந்தப்பக்கூட என்னை ஒரு வழி பண்ணிட்டாருங்க."

"என்ன பண்ணான்?"

"மல்லி எண்ணெய் எடுத்துக் குடுத்தனுங்க. மணிக்கட்டுல ஒரு துளி தொட்டு மோந்தாரு. 'இதுல சீமெண்ணெய் அடிக்குதம்மிணி, வேற குடு'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. மொத்தக் கடைக்காரன்கிட்டக் கேட்டா, ஆமா, கலந்துருச்சுன்னான். நொம்பப் பொல்லாத மூக்குங்க அவுருக்கு!"

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள்.

"அது எப்போ அம்மிணி? எந்த மாசம்?"

"குளிரா இருந்துச்சுங்க... இல்லீங்க, வெயிலு ஆரம்பிச்சிருச்சு. பொங்கலுக்குப் பொறவுதான். சரியா நெனப்பு வரலீங்களே."

நன்றாக யோசித்துச் சொல்லு என்று இரண்டு தரம் கேட்டேன். அவள் பாவம், பயந்தே போனாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜீப் நினைவுக்கு வந்தது. என் மடியில் கண்ணை மூடியபடி நீ சொன்னாய், "காப்பி பூத்திருச்சுக்கா" என்று. வழியெல்லாம் பூத்துத்தான் இருந்தது. மூச்சு முட்டுகிறவன் என்னமோ பிதற்றுகிறான் என்று நெஞ்சை நீவிவிட்டேன். ஜன்னலைக்கூட இறக்கிவிடவில்லை நான்.

வாசம் திரும்பிவிட்டது என்றால் ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்கு அந்தக் கதவோரம் வேலை இருக்காது என்று நினைத்தாயா? இல்லை, நீ போவதற்கு நாலு நாள் முன்னால்தான் திரும்பியதா, சொல்ல நேரம் வாய்க்கவில்லையா? பொங்கலிலிருந்து பங்குனி வரைக்கும் ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்க்கிறேன். நான் பொய் சொன்ன அந்த நாள் நட்ட நடுவில் விழுகிறது. இந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை, அந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை.

ஐயா, அன்றைக்குத் தப்பு என் தம்பியுடையது இல்லைங்க. என்னுடையது. அவனைத் திட்டினதை என் பேரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுண்டு, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கை நடுங்காமல் இருக்கிற வரைக்கும் இந்த ரயிலை நான் ஓட்டுவேன். வாசம் வந்தால் வந்தது என்பேன், வராவிட்டால் வரவில்லை என்பேன், யார் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும். நீ நிற்கிற இடத்தை விட்டுத் தள்ளி நின்றுதான் ஓட்டுகிறேன். அதை அப்படியே விட்டுவைப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அப்போது அந்த வாசம் உனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்ததா, சாமி?

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
பாக்கியம்