இணைச்சீருக்கு முன் ஒரு எக்ஸ்ரே

பரமத்தி வேலூர்,
சித்திரை 12.

அன்புத் தம்பி தமிழரசுக்கு, அக்கா சண்முகப்பிரியா எழுதுவது. இங்கு நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். போனில் கால் என்று ஆரம்பித்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். உன் போர்வெல் லாரிக்கு வேலைக்கு வரும் நவீன்குமாரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ராய்ப்பூர் வந்து சேர்ந்ததும் கொடுப்பான். அவன் முன்னாலேயே பிரித்துப் படி.

உன் நிச்சயதார்த்தத்தன்று கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்போது தூணைப் பிடித்தாய். பந்தியில் எல்லோரும் கீழே உட்கார, நீ மட்டும் நாற்காலி கேட்டாய். என்னடா என்றதற்கு, "லாரியிலயே உக்காந்து வந்தது, கால் மரத்துப்போச்சுக்கா" என்றாய். மரத்துப்போன கால் மூன்றாம் நாளும் நொண்டுமா?

ஆபரேஷன் செய்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பைத் திறந்து, கட்டியைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் எலும்புச் சிமெண்டு வைத்து அடைத்த சேலத்து டாக்டர் என்ன சொன்னார்? இது புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்த இடத்திலேயே திரும்ப வரும் குணம் உள்ளது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்றார். சின்னதாக இருக்கும்போது பிடித்தால் மறுபடி சுரண்டிவிடலாம், விட்டுவிட்டால் மூட்டையே எடுத்துவிட்டு இரும்பு மூட்டுதான் என்றும் சொன்னார். நான்கு தடவை ஒழுங்காகப் போனாய். பெண் பார்த்த பிறகு இரண்டு தடவை போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாதா? உனக்கு நிச்சயம் செய்த கிருத்திகாவின் சித்தப்பாவுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக் கடை. அவர் பார்த்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமாம். "கல்யாணம் முடியட்டும் சாமி, அப்பறம் எடுத்துக்கலாம்" என்று அப்பா சொன்னார், நீயும் தலையாட்டிவிட்டாய். தழும்பைப் பற்றிக் கேட்டால் லாரியில் இரும்புக் குழாய் விழுந்தது என்று சொல்ல வேண்டும் என எனக்கும் பாடம் நடத்தினார்கள். கட்டி என்ன முகூர்த்தம் பார்த்தா வளரும்?

போன ஞாயிறு ஊருக்குப் போனேன். தம்பி எக்ஸ்ரே எடுத்து, பெண் வீட்டில் உண்மையைச் சொல்லும்வரை இணைச்சீருக்கு நான் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்யாமல் நம் வீட்டில் கல்யாணம் உண்டா என்று அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. "நீ நிக்காட்டிப் போ, பெரியப்பன் மகளை நிக்க வெச்சுக்கறேன்" என்றார். ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இணைச்சீரில் சபை நடுவில் கூடையோடு உன் பக்கத்தில் நிற்பது புதுச்சேலை கட்டி அழகு காட்டுவதற்கா? இவனுக்கு நான் பொறுப்பு என்று ஊருக்குச் சொல்லத்தானே? ஒரு பெண்ணை ஏமாற்ற நான் சாட்சியாக வேண்டுமா? நாளைக்கே அவள் நாத்தனார் என்ற முறையில் என் எதிரில் வந்து, "உங்களுக்கும் தெரியுமுங்களா நங்கை?" என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்? விஷயம் தெரிந்தால் ஓடிவிடுவாள் என்று நீங்களாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவளிடம் யாராவது கேட்டீர்களா? பி.எட். படித்தவள், எக்ஸ்ரே என்றால் என்னவென்று அவளுக்குப் புரியும்.

சித்திரை 25, வியாழன், காலை பத்து மணிக்கு அதே டாக்டரிடம் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரேக்கள் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, எடுத்து வருகிறேன். முதல் நாளே என் வீட்டுக்கு வந்துவிடு, இங்கிருந்து சேலத்துக்குச் சேர்ந்து போகலாம். நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமை நானே கிருத்திகாவிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அதற்காக நீ ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆபரேஷன் அன்று அப்பா பேனாவை என்னிடம் நீட்டிவிட்டார், அதனால் நம் வீட்டுப் பக்கம் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது நான். தேவைப்பட்டால் காலை எடுக்கவும் சம்மதம் என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். இன்னொரு தடவை என்னை அந்த வரியைப் படிக்க வைத்துவிடாதே சாமி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சண்முகப்பிரியா