முதுகு காட்டும் இடத்தில் ஒரு வசனம்

திருத்தணி,
14.6.2005, செவ்வாய்.

திரு. பூபாலன் அவர்களுக்கு,

கனிமொழி எழுதுவது. 'அன்புள்ள பாவாவுக்கு' என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை கை வரவில்லை. இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய அவா என்றும் எழுதப்போவதில்லை. வள்ளி நலம், என்னோடு நைனா வீட்டில்தான் இருக்கிறாள். அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலு நாளாகக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் ஏறினால் சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும், ஐந்தாறு வயதில் தானாக நின்றுவிடும், உடம்பு சுட்டதும் ஈரத்துணியால் துடைத்து விடம்மா என்று டாக்டர் சொன்னார். நான் பி.எஸ்சி. படித்தவள், அவர் சொன்னது புரிந்தது. புரிந்து என்ன, மணிக்கு ஒரு தரம் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கை பட்டுப் பட்டு அவளே, "சுடலமா, தூங்கு" என்கிறாள். மூன்று வயதுக் குழந்தை எனக்குத் தைரியம் சொல்கிறது. அவள் தூங்கின பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று பரந்தாமன் பெரியப்பா வந்தார். உட்காரவில்லை, மோர் கொடுத்ததற்கும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். என்னைப் பார்க்காமல் நைனாவிடம் பேசினார். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மாப்ள ஊர்ல, கண்டிகைல நம்ம ஜனம் பத்துப் பேர் உக்காந்து பேசறோம்பா. பொண்ண கூட்டினு வந்துரு. கொழந்த இவ மாமியா கோவிந்தம்மா கிட்டயே வளரட்டும்னு எல்லாருக்கும் தோணுது. காச்சல்ல கெடக்கற கொழந்தய வுட்டுட்டு நகரியில போயி சினிமா பாத்துகினு இருந்தவகிட்ட எந்தத் தைரியத்துல வுடறது, நீயே சொல்லு?" என்றார். நைனா, "மாப்ள இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். "அவன் இன்னா சொல்வான் பாவம். எனக்கே தெரியாது பெரியமாமா, என்னக் கேக்காமப் போயிருக்கான்னு போன்ல அழாத கொறதான்" என்றார் பெரியப்பா.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். புருஷன் தெரியாது என்று சொன்ன பிறகு பெண்டாட்டி சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்பார்கள்.

ஆகவே சாக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட ஒப்பீட்டை அனுப்புகிறேன். ரெக்கார்டிங் முடிந்திருக்கும், இனி உங்களுக்கு உபயோகமில்லை. ஆனாலும் படியுங்கள். வடபழனியில் நீங்கள் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதப் போன நாளிலிருந்து என் வேலை இதுதானே. தெலுங்கில் ஒரு வாரம் முன்னால் வந்துவிடும். பஸ் ஏறி ஆந்திரப் பக்கம் நகரிக்குப் போய்ப் பார்த்து, அந்த எழுத்தாளர் எந்த இடத்தை எப்படிச் சமாளித்தார் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவேன். எல்லையில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம். அந்தக் கடிதங்கள் அத்தனையும் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. நீங்கள் சொன்னதெல்லாம் போனில். என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சரி, 'ஆழ்நகரம்'. கடலுக்கடியில் ஓர் ஊர், ஏழு இரும்புக் கதவு, அவற்றைக் காக்கிற இன்ஜினீயர் நோரா. முதல் பாகம் தொண்ணூற்று மூன்றில் வந்தது. ஊரைத் தாக்க வருவது ஒரே ஒரு இரும்பு விலாங்குமீன், அதையும் கடைசி அரைமணி வரைக்கும் காட்டமாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம்தான் படம். வெளியே பதினோரு பேர் சிக்கியிருக்க, கதவை மூடச் சொல்லி எல்லோரும் கத்த, நோரா தன் கையைச் சந்தில் கொடுத்து மூடவிடாமல் நிற்பாள். இரண்டு விரல் போய்விடும். பதினோரு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். அதுதான் உசத்தி என்பது உங்கள் கட்சி.

இரண்டாம் பாகம் என் கட்சி. இருநூறு விலாங்கு, சண்டைக்கு மேல் சண்டை, வெறும் சத்தம் என்று இளித்தீர்கள். நான் பார்த்தது வேறு. அந்தச் சண்டை முழுக்க நோரா மூன்று விரலால்தான் துப்பாக்கி பிடிக்கிறாள். ஒரு தடவை நழுவி விழக்கூட விழுகிறது. முதல் பாகத்தில் நடந்ததை அந்தப் படம் மறக்கவில்லை. தொடர்ச்சி என்றால் அதுதான், முன்னால் நடந்ததற்குக் கட்டுப்பட்டு நடப்பது. தொண்ணூற்றேழில் அத்தை வீட்டுக் களத்தில் இதற்காக நாம் போட்ட சண்டையில் மூன்று மாதம் பேச்சில்லை. நாலாம் மாதம் பெண் கேட்டு வந்தீர்கள். "உங்கிட்ட தோத்துகினே இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு" என்றீர்கள். அதை நம்பிக் கழுத்தை நீட்டினேன்.

மூன்றாம் பாகம் குப்பை. டைரக்டர் மாறினார், கதை மாறியது. நோராவுக்கு ஐந்து விரலும் திரும்ப முளைத்துவிட்டன. அதைக்கூட மன்னிக்கலாம். அன்று நோராதான் கதவை மூடினாள், பதினோரு பேரும் செத்தார்கள், இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றிவிட்டாள் என்று புதுசாக ஒரு பிளாஷ்பேக். புது ஹீரோவை உசத்த வேண்டும், அதற்குப் பழைய மனுஷியைக் கெட்டவளாக்க வேண்டும். தியேட்டரில் நான் அழுததை எழுதினேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

அந்த ஊரின் தளபதி கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம். முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. ஆங்கிலத்தில் அங்கே பேச்சே கிடையாது, தெலுங்கிலும் கிடையாது. தமிழில் மட்டும் அவன் பேசினான். "நோரா மூடலை. மூடுன்னு உத்தரவு போட்டது நான்தான்." ஆள் முதுகைக் காட்டுகிற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், உதடு ஒட்டுதா என்று எவனும் கேட்கமாட்டான் என்று சிரித்தீர்கள். எனக்காக ஒரு பொம்பளையின் பேரைக் காப்பாற்றினீர்கள். திருத்தணியில் நான் அதை மூன்று தடவை பார்த்தேன். வயிற்றில் வள்ளி இருந்தாள்.

நாலாம் பாகத்துக்கு வருகிறேன். நாலாம் தேதி சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து உங்கள் செல்லுக்குப் போட்டேன். வள்ளிக்கு உடம்பு கதகதன்னு இருக்குது, போகலை என்றேன். "அட, ரெண்டு மணி நேரம்தானே கனி. வரா அக்கா பாத்துக்குவா. திங்கக்கிழமை ரெக்கார்டிங், தெலுங்குல இன்னா பண்ணிகிறாங்கன்னு தெரியாம எழுதினா என் வேலை போய்டும். போய்ட்டு வா, என் ராசாத்தி" என்றீர்கள். ராசாத்தி என்று நீங்கள் கூப்பிடுவது இப்படிப்பட்ட நேரத்தில் மட்டும்தான். அது தெரிந்தும் போனேன்.

போனது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. நெற்றியைத் தொட்ட கை என்னுடையது, சூடு தெரிந்த பிறகும் பஸ் ஏறிய கால் என்னுடையது. அதற்கு எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதற்குப் பத்துப் பேர் உட்கார வேண்டாம்.

இடைவேளை வரைதான் பார்த்தேன். நோரா கிழவியாகிக் கூண்டில் நிற்கிறாள். கதவை மூடியது யார் என்று கேட்கிறார்கள். விளக்குப் போட்டுவிட்டார்கள். வெளியே வந்து கண்டிகைக்குப் போன் போட்டேன். உங்கள் அக்கா வரா அண்ணி, "ஆங், தூங்கிகினு இருக்கா, நீ பாத்துட்டு மெதுவா வா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன். நான் பஸ்ஸில் வருகிற நேரத்தில் அது வந்திருக்கிறது. வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே உங்கள் அம்மா எல்லார் முன்னாலும், "வந்தியா மகராசி, கிளைமாக்ஸ் நல்லாருந்துச்சா?" என்றார். வள்ளியின் வாய் ஓரத்தில் காய்ந்த நுரையை நான் துடைக்கப் போக, என் கையைத் தட்டிவிட்டார்.

அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. பயந்துபோனவர் வாயில் எது வருமோ அது வந்தது. அண்ணி மேலும் இல்லை, அவர்தான் ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்களுக்கு நடந்தது தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். முதல் பாகத்தில் நடந்ததை மாற்றியவனை அயோக்கியன் என்று எழுதி அனுப்பினேனே, அதைப் படித்துச் சிரித்த அதே ஆள், பத்து நாளுக்கு முன்னால் நடந்ததை மாற்றிவிட்டீர்கள். நான் ஆஸ்பத்திரியில் குழந்தை பக்கம் திரும்பி நின்றேன். என் முதுகு தெரிந்த நேரம் பார்த்து உங்கள் வசனத்தை எழுதிக்கொண்டீர்கள்.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். அத்தையிடம் திட்டு வாங்கப் பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு விலையாக வள்ளியை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவள் சுவர்ப்பக்கம் படுத்தால்தான் தூங்குவாள், மாத்திரையை வெல்லத்தில் மறைத்தால்தான் விழுங்குவாள் என்று கண்டிகையில் யாருக்குத் தெரியும்? உங்களுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாக்குச் சொல்லாமல் வாருங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரைக்குக் கண்டிகையில் இருக்கலாம். நான் வாதாடமாட்டேன். அந்தச் சனிக்கிழமை போட்ட போனைப் பற்றி வாய் திறக்கமாட்டேன், நான் சொல்லி அது உண்மையாகப் போவதில்லை. வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு வார்த்தைக்குள் முடிந்துவிடும் வசனம், முன்னாலேயே ஒரு தடவை அந்தத் தளபதிக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே முதுகைக் காட்டி நிற்க முடியாது. பத்துப் பேரும் உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும்.

வெயில் இன்னும் குறையவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் பார்த்து உட்காருங்கள், உங்களுக்குத் தலைவலி வரும். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காப்பாற்றட்டும். என்னை நீங்கள் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு,
வள்ளியின் அம்மா
கனிமொழி